மைக்செட்டுக்கு நேரே போட்ட நாற்காலி

காதுகுத்து விசேஷத்திலேயே பிள்ளையின் காதைக் கெடுக்கிறோம் என்று சொன்னால் சிரிப்பார்கள். பந்தலில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும் இடத்தையும், அதற்கு நேர் எதிரே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர்களையும் ஒருமுறை பார்த்துவிட்டால் சிரிப்பு வராது.

சத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் தூக்கம் போச்சு, பிள்ளைகள் படிப்பு போச்சு என்கிறோம். காது போவதை யாரும் பேசுவதில்லை. ஊரைத் திருத்தும் வரைக்கும் காது காத்திருக்காது என்பது என் கருத்து. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்ற கணக்கை அவரவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

நேரக் கணக்கு எளிது. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனமான நியாஷ் (NIOSH) பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபல், ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி, 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். 3தானே கூடியது என்று நினைக்கக் கூடாது. ஒலியின் ஆற்றல் அங்கே இரண்டு மடங்காகிவிட்டது.

இப்போது குழாய்க்கு வருவோம். குழாய் ஸ்பீக்கர் கொஞ்ச மின்சாரத்தில் நிறையக் கத்தும். ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் அளவுக்கு வரும். 32 வாட் கொடுத்தால் 120. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஆக நேர் எதிரே 8 மீட்டரில் 102, 16 மீட்டரில் 96, 32 மீட்டரில் 90. 8 மீட்டரில் இருக்கும் முன்வரிசை நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அன்றைய கணக்கு முடிந்தது. 32 மீட்டரில் இருக்கும் பின்வரிசைக்குப் போனால் ஒரு மணி நேரம்கூடத் தாங்கலாம். குழாயின் வாய்க்கு நேரே உட்காராமல் பக்கவாட்டில் போனால் இன்னும் குறையும். சந்துக்குள் இந்தக் கணக்கு பலிக்காது. இரண்டு பக்கச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அனுப்பும்.

மைக்செட் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். ஒரே குழாயை முழு வால்யூமில் அலறவிடுவதற்குப் பதில் நாலு குழாயைப் பிரித்துக் கட்டி, ஆளுயரத்துக்கு மேலே தூக்கி, வாயைக் கூட்டத்தின் கடைசி வரிசையைப் பார்த்துச் சாய்த்து, வால்யூமைக் குறைத்து வைத்தால் எல்லோருக்கும் பாட்டுப் புரியும், முன்வரிசையும் பிழைக்கும். கரகரவென்று சத்தம் உடைய ஆரம்பித்தால் ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதில் குழாய்க்குள் ஒலி எழுப்பும் யூனிட்டும் போகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று மாநில அரசு இரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. விடிகாலை நாலரைக்குப் போடும் பாட்டு எந்தச் சாமிக்கானாலும், எந்தக் கட்சிக்கானாலும் விதிமீறல்தான். சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அது வேறு கதை.

விசேஷம் வருடத்தில் சில நாள். தினமும் கேட்பவர்களின் பாடுதான் பெரிது. மதுரை செல்லூர் பக்கம் விசைத்தறிக் கொட்டகைக்குள் நின்று பாருங்கள், பக்கத்து ஆளிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஊடுநூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிவாங்கும் சத்தம், தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் சத்தம் எல்லாம் சேர்ந்து 95ஐத் தாண்டும். கிரைண்டர் பிடிக்கும் வெல்டிங் பட்டறையும் சளைத்ததல்ல. 'எங்களுக்குப் பழகிப்போச்சுண்ணே' என்பார்கள். உள்காதில் சத்தத்தை உணரும் மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000தான். செத்தவை திரும்ப முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கும், நமக்கு முளைக்காது. பழகியதாகத் தெரிவதில் பாதி, ஏற்கெனவே கேட்காமல் போனதாக இருக்கலாம்.

பஞ்சு வைப்பது வீண், அது பெரிதாக எதையும் தடுக்காது. மெடிக்கலிலும் சேஃப்டி சாமான் கடையிலும் விற்கும் மெத்தென்ற ஃபோம் பிளக் போதும், விலையும் ஒன்றும் பெரிதில்லை. வைக்கும் முறையில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தறி எண்ணெய்க் கையோடு வைத்தால் காதில் சீழ் பிடிக்கும். பிளக்கை விரல்களுக்கிடையே மடிப்பு விழாமல் ஊதுபத்திக் கனத்துக்கு உருட்டுங்கள். வலது காதுக்கு வைக்கும்போது இடது கையைத் தலைக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த துவாரம் அப்போதுதான் நேராகும். பிளக்கை உள்ளே விட்டு, விரல் நுனியால் 30 விநாடி பிடியுங்கள். விட்டுவிட்டால் விரிந்துகொண்டே வெளியே வந்துவிடும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தி எடுங்கள். சத்தத்தில் பெரிய மாற்றம் தெரிந்தால் மறுபடி வையுங்கள். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெல்லத் திருகி எடுங்கள், சவ்வு வலிக்கும்.

பிளக் டப்பாவில் 33 டெசிபல் தடுக்கும் என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அதில் 7ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் 13. நடைமுறைக்கு அதை வைத்துக் கணக்குப் போடுவதே பத்திரம். 97 டெசிபல் தறிச் சத்தம் 84 ஆகும், 8 மணி நேர ஷிஃப்டைத் தாங்கலாம். நூல் அறுந்தால் சத்தம் தெரியாதே என்கிறார்கள். தறியின் சத்தமும் சேர்ந்து குறைவதால், காது நன்றாக இருப்பவருக்கு வித்தியாசம் பிடிபடும்.

இடையில் கழற்றுவதுதான் பெரிய ஓட்டை. 30 டெசிபல் தடுக்கும் பிளக்கை 8 மணி நேரத்தில் வெறும் அரை மணி நேரம், அதே சத்தத்துக்குள் கழற்றி வைத்தாலும் மொத்தத்தில் 12 டெசிபல் பாதுகாப்புகூட மிஞ்சாது. பேச வேண்டுமென்றால் கொட்டகைக்கு வெளியே வந்து பேசுங்கள்.

கைக்குழந்தைக்கு பிளக் வேண்டாம், தலைக்கு மேல் மாட்டும் குழந்தை இயர்மஃப்தான். அதுவும் இல்லையென்றால் மண்டபத்துக்கு வெளியே தூக்கிக்கொண்டு போங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சத்தத்தில் காது கெட்டால் முதலில் அடிவாங்குவது 4000 ஹெர்ட்ஸ் பகுதி. அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. பெண்கள், பிள்ளைகள் பேச்சு முதலில் நழுவும், வீட்டில் டிவி வால்யூம் ஏறும். சத்தத்திலிருந்து வந்த பின் காதில் 'கொய்ங்' என்று கேட்டாலோ, அடைத்ததுபோல் இருந்தாலோ அன்றைக்குக் காது தாங்கியதற்கு மேல் வாங்கிவிட்டது. தறி, பட்டறை ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறன் பரிசோதனை, எடுப்பது நல்லது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். முந்தைய 14 மணி நேரம் பெரிய சத்தம் கேட்காமல் போனால்தான் முடிவு சரியாக வரும்.

ஒரே நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், அழுக்கு அடைத்திருக்கும் என்று சூடான எண்ணெய் ஊற்றிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றோ மறுநாளோ காது மருத்துவரிடம் போய்விடுங்கள். அதற்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம்.