டலோனிகாவின் கதையைத் தங்கத்திலிருந்து தொடங்காதீர்கள்

அட்லாண்டாவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் போனால் டலோனிகா. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மலையடிவாரத்துச் சின்ன ஊர். நடுச் சதுக்கத்தில் 1836-இல் கட்டிய நீதிமன்றம் இப்போது தங்க அருங்காட்சியகம். உள்ளூர் மண்ணில் அறுத்த செங்கல் என்பதால் அதிலேயே பொன்துகள் இருக்கிறதாம். என் மகள் சுவரில் மூக்கு உரச வெகுநேரம் தேடினாள்.

'தங்கம் கிடைத்தது, ஆட்கள் குவிந்தார்கள், ஊர் வளர்ந்தது' என்றுதான் இந்த ஊரைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். என் மனம் ஒப்பவில்லை. அது அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் மண். ஊர்ப்பெயரே அவர்கள் மொழியில் மஞ்சளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

1829 வாக்கில் தங்க வேட்டை சூடுபிடித்ததும், செரோக்கிகள் தங்கள் நிலத்திலேயே தங்கம் தோண்டக் கூடாது என்று ஜார்ஜியா சட்டம் போட்டது. அப்புறம் 1832-இல், அவர்கள் அங்கே குடியிருக்கும்போதே, நிலத்தைக் கூறுபோட்டு லாட்டரியில் விட்டது. உருளையைச் சுற்றி, கையை விட்டு, வெள்ளையர்களின் பெயர்ச் சீட்டை எடுப்பார்கள். அதிர்ஷ்டம் அடித்தால் 40 ஏக்கர் தங்க மனை. இன்னொருவர் வீடும் சோளக்கொல்லையும் ஒரு துண்டுச் சீட்டில் கைமாறின. செரோக்கி மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று அதே ஆண்டு மார்ச்சில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. மாநிலம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

1838-இல் இங்கே மத்திய அரசின் நாணயச்சாலை திறந்தது. அதே ஆண்டு படைவீரர்கள் செரோக்கிகளை வீடு வீடாகப் பிடித்து மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்தினார்கள். முகாம்களிலும் வழியிலுமாகச் சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கு. வெள்ளையர்கள் இப்படி இங்கே வந்து அமர்ந்ததற்குக் 'குடியேற்றம்' என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. ஆள் இருக்கும் வீட்டில் நுழைவதை நம் ஊரில் அப்படியா சொல்வோம்?

1849-இல் கலிஃபோர்னியாவில் தங்கம் என்றதும் பலர் கிளம்பிவிட்டார்கள். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல் நாணயச்சாலையும் மூடியது. 1873-இல் அந்தக் கட்டடத்தில் வந்த கல்லூரிதான் ஊரைத் தாங்கிப் பிடித்தது என்பேன். 1878-இல் எரிந்துபோன பிறகும் அதே அஸ்திவாரத்தின் மேல் மறுபடி எழுப்பினார்கள். அதன் கோபுரத்தில் இன்று டலோனிகா தங்கம் மின்னுகிறது. அழகுதான், மறுக்கவில்லை.

பிள்ளைகளைத் தட்டில் மண் அலசித் தங்கம் தேட அழைத்துப் போகிறவர்கள், மறுநாள் மேற்கே நியூ எக்கோட்டாவுக்கும் போய்வாருங்கள். செரோக்கிகளின் தலைநகரம் அது. செக்வோயா என்ற செரோக்கியர் உருவாக்கிய எழுத்தில், தங்கள் மொழியிலேயே, 1828-இல் அவர்கள் செய்தித்தாள் அச்சிட்ட இடம்.