28 விநாடி

எந்த வீடியோ என்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு: போன சனிக்கிழமை எங்கள் படிப்பகத்தில் பிள்ளைகளுக்குப் பத்திரிகைத் துறையை விளக்க நான் ஒரு சினிமா போட்டதை, ஜன்னலுக்கு வெளியே நின்று யாரோ எடுத்த வீடியோ. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரை ஒரு வாட்ஸ்அப் குழு பாக்கியில்லாமல் சுற்றி, கேரள எல்லை தாண்டிப் பாறசாலையில் இருக்கிற என் மச்சினிக்கும் போய்விட்டது. 'அத்தான், இது நீங்க நடத்துற படிப்பகம்தானே?' என்று கேட்டு, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையும் அனுப்பியிருந்தாள்.

28 விநாடி. திரையில் பாட்டு ஓடுகிறது. முன்வரிசையில் நாலு பையன்கள் எழுந்து ஆடுகிறார்கள். பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை விசில் அடிக்கிறாள். அதன்மேல் சிவப்பு எழுத்தில், 'மாணவர்களுக்குப் பத்திரிகைத் துறையை விளக்கும் லட்சணம்'.

சரி, ஆடினார்கள். இல்லை என்று சொல்லவில்லை. படத்தைத் தேர்ந்தெடுத்தது நான். பென்டிரைவில் கொண்டுபோனது நான். வேட்டியைத் திரையாகக் கட்டியதும் நான்தான். கே.வி. ஆனந்தின் 'கோ', 2011இல் வந்தது. பாட்டு வந்தால் பிள்ளைகள் ஆடும் என்று தெரிந்தேதான் போட்டேன். ஆடி முடித்துவிட்டு உட்கார்ந்தார்கள், அதுதான் எனக்கு வேண்டியது. பிள்ளைகள் உட்கார வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

'நல்ல படமே கிடைக்கலையா சார்?' என்று கேட்ட பெரிய மனிதர்களுக்கு ஒரு சங்கதி. போன வருஷம் 'ஸ்பாட்லைட்' போட்டேன். ஆஸ்கரில் சிறந்த படம் என்று விருது வாங்கியது. பாதிரிமார் சிலர் குழந்தைகளிடம் நடந்துகொண்ட விதத்தை மறைமாவட்டமே மூடி மறைத்ததை, பாஸ்டன் குளோப் நிருபர்கள் தோண்டி எடுத்த உண்மைக் கதை. எனக்கு அந்தப் படம் உயிர். பாதிரிமார் பெயர் இருக்கிற மறைமாவட்ட டைரக்டரிகளை வருஷவாரியாக மேசையில் பரப்பி, எந்தப் பெயருக்கு எதிரே 'நோய் விடுப்பு' என்று போட்டிருக்கிறது என்று வரிவரியாகப் பார்த்துக் குறிப்பார்கள். புகார் வந்த பாதிரியாரை ஒதுக்கிவைத்ததை மறைக்க அப்படித்தான் போடுவார்களாம். அந்த இடம் வந்ததும் எனக்கு மேலெல்லாம் சிலிர்க்கும். பிள்ளைகள் முகத்தைப் பார்க்கலாம் என்று ஆசையாகத் திரும்பினேன். முப்பது பேரில் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். மூன்று பேர் சுவரில் சாய்ந்து நல்ல தூக்கம். மிச்சம் இருந்த ஒருவன் எழுந்து வந்து, ரொம்ப மரியாதையாக, 'சாரே, அடி எப்பம் நடக்கும்?' என்று கேட்டான்.

அன்றைக்கு யாரும் வீடியோ எடுக்கவில்லை. தூங்குகிற பிள்ளையை எவன் எடுப்பான்? ஆனால் மறுநாள் போன் மட்டும் வந்தது. 'சபைக்கு விரோதமான படத்தை எதுக்கு சார் போட்டீங்க?' இப்போது 'ஸ்பாட்லைட் மாதிரி தரமான படம்' என்று எனக்குப் பாடம் எடுப்பவரும் அவரேதான். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. போடமாட்டேன்.

அந்த 28 விநாடிக்குப் பின்னால் என்ன நடந்தது என்றும் கேளுங்கள், கேட்க மனசிருந்தால். படம் முடிந்து விளக்கைப் போட்டேன். முடிவு ஞாபகம் இருக்கிறதா? படம் வந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது, கதையைச் சொன்னால் கோபிக்காதீர்கள். அஸ்வின் பத்திரிகைப் புகைப்படக்காரன். வங்கிக் கொள்ளைக்காரர்களை பைக்கில் துரத்தித் துரத்திப் படம் எடுப்பவன். கடைசியில் அரசியலுக்கு வந்த தன் நண்பனைப் பற்றித் தான் கண்ணால் கண்ட உண்மையை மறைத்துவிட்டு, அவனை நல்லவனாகக் காட்டிச் செய்தி கொடுக்கிறான். இளைஞர்களுக்கு நம்பிக்கை போய்விடக் கூடாது என்று ஒரு நியாயம் சொல்லிக்கொள்கிறான். படம் ஓடியபோது எல்லோரும் கைதட்டினார்கள். கட்டன்சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை கேட்டாள்: 'சார், அவன் பொய்ச் செய்திதானே கொடுத்தான்? நாம எதுக்குக் கைதட்டினோம்?'

முக்கால் மணி நேரம் சண்டை. நல்லதுக்காகப் பொய் எழுதலாம் என்று ஒரு கட்சி. எது நல்லது என்று முடிவு பண்ண அவன் யார் என்று இன்னொரு கட்சி. நான் வாயே திறக்கவில்லை. பத்திரிகையில் வேலை பார்த்துவிட்டு சினிமாவுக்கு வந்த ஒருவர் எடுத்த படத்தில், பாட்டுக்கும் சண்டைக்கும் நடுவே இந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. அது வெளியே வர பிள்ளைகள் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். மறுபடியும் அதையே சொல்கிறேன் என்றால், மறுபடியும் அதையே கேட்கிறீர்கள்.

வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கலாமே என்கிறார்கள். சொல்லாமலா இருக்கிறேன்? இங்கிருந்து பஸ் ஏறினால் நெய்யாற்றின்கரை எவ்வளவு தூரம்? அந்த ஊர்க்காரர் 'சுதேசாபிமானி' பத்திரிகையின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை. திருவிதாங்கூர் திவானை எழுதி எழுதியே தூங்கவிடாமல் செய்தவர். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகத்தைப் பறிமுதல் செய்து, அவரைப் பிடித்து, ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வரவே விடவில்லை. பாலக்காட்டில் ஒரு வீட்டில் அடைக்கலம், அப்புறம் கண்ணூர், 1916இல் அங்கேயே மரணம். இதை மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறேன், மூன்று வருஷமாகக் கொட்டாவி விடுகிறார்கள். போன சனிக்கிழமை அந்தச் சண்டைக்கு நடுவே ஒரு பையன் கேட்கிறான்: 'சாரே, அந்த நெய்யாற்றின்கரைக்காரர் உண்மையை எழுதினதுக்குத்தானே நாடு கடத்தினாவ?' எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதை எடுக்க அப்போது ஜன்னலில் யாரும் இல்லை.

'சினிமா நிருபர் வேறு, நிஜ நிருபர் வேறு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் அப்பா ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். கார்பன் தாள் வைத்து எழுதி, கவரில் போட்டு, சாயங்கால நாகர்கோவில் பஸ் கண்டக்டர் கையில் கொடுப்பார். பணம் என்றைக்காவது வரும். அவரை வைத்து யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.

ஆனால் எடுத்தால் ஒரு காட்சி நான் தருகிறேன். குழித்துறை பக்கம் ஒரு பஸ் விபத்து. டீக்கடையில் சொன்னதைக் கேட்டு, அடிபட்டவர் இறந்துவிட்டார் என்று அப்பா எழுதி அனுப்பிவிட்டார். அச்சாகியும் வந்துவிட்டது. நாலு நாள் கழித்து, காலையில் அப்பா சவரம் செய்துகொண்டிருக்கிறார். தலையில் கட்டோடு ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். கையில் நாலாக மடித்த பேப்பர். 'சாரே, நான் செத்துப்போயாச்சா?' என்று கேட்டார். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் பயங்கரம். அப்பா பாதி முகத்தில் சோப்போடு அப்படியே நின்றார். அம்மா சாயா கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்துவிட்டு, அந்தப் பேப்பரை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு வரி எழுதியதில்லை. கோழி திருட்டுச் செய்திக்கும் கோழிக்காரன் வீட்டுக்குப் போவார்.

இதை எதற்குச் சொல்கிறேன்? எனக்கு ஒருவராவது போன் போட்டாரா? ஒரே ஒரு போன். 'சார், என்ன படம், எதுக்குப் போட்டீங்க, அப்புறம் என்ன நடந்தது?' என் நம்பர் படிப்பகச் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கிறது. வீடியோவைப் பகிர்ந்தவர்களில் இரண்டு பேர் பத்திரிகையில் எழுதுகிறவர்கள். பத்திரிகை தர்மம் என்று எனக்கு மூன்று பத்தி எழுதினார்கள், நன்றாகத்தான் இருந்தது.

என்னைச் சொன்னால் போகட்டும், எனக்கு வயதாகிவிட்டது, தாங்கிக்கொள்வேன். விசில் அடித்த அந்தப் பிள்ளை யார் தெரியுமா? 'எதுக்குக் கைதட்டினோம்?' என்று கேட்டவள்தான். அவள் முகம் தெளிவாகத் தெரிகிறது. கீழே வந்த கமென்ட்டுகளை அவள் அப்பா படித்துவிட்டார். இனி அவளை அனுப்பமாட்டாராம். நான் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவர் என்னைத் திட்டவில்லை, உட்காரச் சொன்னார், 'நீங்க நல்லதுக்குத்தான் செய்தீங்க சாரே, ஊரு அப்படி இல்லையே' என்றார். பன்னிரண்டாம் வகுப்பு. ஜர்னலிசம் படிக்கணும் என்று இருந்தவள். கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள், கால் தெரிந்தது.

தேர்ந்தெடுத்த படம் தப்பு என்றால் தப்பு என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மலையாளத்தில் ஜோஷியின் 'நியூ டெல்ஹி' (1987) போடலாமே என்று ஒரு சேட்டன் சொன்னார். நல்ல யோசனை. பழிவாங்கக் கொலையை ஏற்பாடு செய்து, அதையே தன் பேப்பருக்குச் செய்தியாக்குகிற பத்திரிகை ஆசிரியராக மம்மூட்டி. பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. 'ஆவணப்படம் மட்டும்தான் போட வேண்டும்' என்கிறவருக்குப் பதில் இல்லை, அவர் கடைசியாக முழுசாகப் பார்த்த ஆவணப்படத்தின் பெயரைச் சொல்லட்டும்.

வருகிற சனிக்கிழமை நாலு மணிக்கு 'ஏஸ் இன் த ஹோல்'. 1951, பில்லி வைல்டர் எடுத்தது, கிர்க் டக்ளஸ் நடித்தது. குகைக்குள் ஒருவன் சிக்கிக்கொள்கிறான். செய்தி நாலு நாள் கூட ஓடட்டும் என்று ஒரு நிருபன் மீட்பு வேலையையே இழுத்தடிக்கிறான். 2019இல் மணப்பாறை பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்தபோது ராத்திரி பகலாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோமே, அந்த நினைப்போடு பார்க்கச் சொல்லப்போகிறேன். கறுப்பு வெள்ளை, ஆங்கிலம். நடுநடுவே நிறுத்தி நான் கதை சொல்வேன்.

ஜன்னலுக்கு வெளியே நின்று எடுத்த அண்ணன் இந்த வாரம் உள்ளே வந்தே உட்காரலாம், கட்டன்சாயா உண்டு. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அதிலும் ஒரு பாட்டு இருக்கிறது. உள்ளே அவன் செத்துக்கொண்டிருக்க, குகைக்கு வெளியே ராட்டினம் போட்டுத் திருவிழா மாதிரிக் கூடியிருக்கிற கூட்டத்துக்காகப் பாடுகிற பாட்டு. அது வரும்போது போனை எடுத்துக்கொள்ளலாம்.