பெயருக்குப் போகும் காசும் கித்தாருக்குப் போகும் காசும்

சுங்கை சிப்புட்டில் எலெக்ட்ரிக் கித்தார் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிக்கும் பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். தேவாலயத்தில் வாசிக்க, கல்யாண மேடையில் இசைக்குழுவோடு நிற்க, சும்மா அறையில் உட்கார்ந்து பழக என்று ஆளுக்கொரு காரணம். கேட்பது மட்டும் ஒன்றைத்தான்: ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அமெரிக்காவில் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று, மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறவரின் நான்கு மாத உழைப்பை விழுங்கிவிடும். அதைக் கேட்டு மிரண்டுபோகும் பெற்றோர், ஆன்லைனில் அதே உருவத்தில் முந்நூறு வெள்ளிக்குக் கிடைப்பதை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நடுவில் இருக்கும் வழி ஏழைக்கான சமாதானம் இல்லை, உண்மையிலேயே நல்ல வழி.

அந்த நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ரேடியோ பழுது பார்த்தவர், கித்தார் வாசிக்கக்கூடத் தெரியாதவர். பழைய கித்தார்களில் கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டுவார்கள். இவர் திருகாணி போட்டு முடுக்கினார். உள்ளே வெற்றிடம் இல்லாத கெட்டிப் பலகைதான் உடம்பு. தொழிற்சாலையில் வேகமாகச் செய்யவும், கெட்டால் கழற்றி மாற்றவும் ஏற்ற வடிவம். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அப்படிப் பிறந்ததுதான். எளிதாகச் செய்வதற்கென்றே வரைந்த ஒரு பொருளை வேறு நாட்டுத் தொழிலாளி ஒழுங்காகச் செய்துவிட முடியாதா என்ன? ஜப்பான்காரர்கள் 1970களிலேயே செய்து காட்டினார்கள். அவர்களுடைய நகல்கள் அவ்வளவு தரமாக இருந்ததால், 1982இல் ஃபெண்டரே ஜப்பானில் கித்தார் செய்ய ஆரம்பித்தது. ஸ்குவையர் என்ற பெயரில் விலை குறைந்த கித்தார்கள் வந்தது அப்போதுதான்.

சரி, எதை வாங்கலாம்? என்னைக் கேட்டால் யமஹா பசிஃபிக்கா 112வி. 1990இல் தொடங்கிய வரிசை இது, இன்றைக்கும் நிற்கிறது. உடம்புக்கு ஆல்டர் மரம், கழுத்துக்கு மேப்பிள். ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் பெரும்பாலும் இதே மரங்கள்தான், தந்தி நீளமும் அதே 25.5 அங்குலம். புதிதாக வாங்கினாலும் நான் மேலே சொன்ன ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கும்.

மரத்தைவிட முக்கியமானது அதன் பிக்கப் அமைப்பு, அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஆம்புக்கு (ஓசையைப் பெருக்கும் பெட்டிக்கு) அனுப்பும் காந்தச் சுருள்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வழக்கமாக மூன்றும் ஒற்றைச் சுருள் பிக்கப்தான். தெளிவான, மணி போன்ற ஓசை வரும், ஆனால் சுற்றியுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நம் ஊர் மேடைகளை நினைத்துப் பாருங்கள். பந்தலுக்கு அவசரமாக இழுத்த வயர், பக்கத்தில் ஜெனரேட்டர், தலைக்கு மேல் டியூப் லைட். பசிஃபிக்காவில் பின்பக்கம் இருப்பது ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப். இரண்டு சுருள்கள் எதிரெதிராக வேலை செய்து அந்த ‘உம்ம்’ சத்தத்தை அடக்கிவிடும். மெல்லிய ஓசைதான் வேண்டுமென்றால் டோன் குமிழை மேலே இழுத்தால் போதும், ஒரு சுருள் மட்டும் பேசும். காலையில் ஆராதனைப் பாடல், இரவில் சினிமாப் பாட்டு, நடுவில் நண்பர்களோடு ரோக் கப்பாக் எனும் மலாய் ரோக் பாட்டு என்று ஒரே கித்தாரை வைத்துச் சமாளிக்க வேண்டிய பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தப் பழைய தோற்றமே மனதில் ஒட்டிக்கொண்டவர்கள் ஸ்குவையர் கிளாசிக் வைப் வரிசையைப் பார்க்கலாம், அதிலும் நல்ல வேலைப்பாடு. விரல் பலகையில் ஈட்டி மரம் இல்லையே என்று குறை சொல்வார்கள். நம் முன்னோர் கருமருது என்று சொன்ன மரத்தைத்தான் இந்தியன் லாரல் என்ற பெயரில் அதில் பல மாடல்களுக்குப் போடுகிறார்கள். உறுதியான மரம், விரலுக்கு ஒரு குறையும் தெரியாது.

முந்நூறு வெள்ளிக் கித்தாரை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்றால், அது பிள்ளையை ஏமாற்றுகிறது. ஃப்ரெட் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) முனை விரலைக் கீறும். தந்தி பலகையிலிருந்து உயர்ந்து நிற்கும், அழுத்த முடியாது. சுருதி சேர்த்து ஒரு பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடும். பிள்ளையோ தனக்குத்தான் காது இல்லை, கை வரவில்லை என்று நினைத்து மூலையில் சாத்திவிடும். திறமை இருந்தும் இப்படி விட்டுப்போன பிள்ளைகளை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன், அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. “அண்ணே, ஃபெண்டர்னே எழுதியிருக்கு, அறுநூறுதான்” என்று போனை நீட்டுகிற தம்பிகளுக்கும் சொல்கிறேன்: தலையில் பெரிய பெயர் ஒட்டிய போலிகள் ஆன்லைனில் ஏராளம். அந்த விலைக்கு அந்தப் பெயர் வராது.

கையில் இருக்கும் எல்லாக் காசையும் கித்தாரிலேயே போட்டுவிடாதீர்கள். சின்ன ஆம்ப் ஒன்று வேண்டும், செட்டப் செய்யவும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். நம் ஈரக் காற்றில் கழுத்து மெல்ல அசையும், தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். கழுத்துக்குள் இருக்கும் கம்பியைச் சரிசெய்து, தந்தியின் உயரத்தை இறக்கித் தரத் தெரிந்தவரிடம் ஒருமுறை கொடுத்தாலே அது வேறு கித்தாராகிவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்துவையுங்கள்.

பழையது வாங்கப் போகிறவர்கள், ஈப்போவாக இருந்தாலும் சரி, முடா (Mudah) எனும் ஆன்லைன் விளம்பரத் தளத்தில் பார்த்த ஒருவர் வீடாக இருந்தாலும் சரி, ஆம்பில் செருகிக் கேட்காமல் காசை எடுக்காதீர்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வரும் சுரமும் அதே இடத்தில் மெல்லத் தொட்டு வரும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் எல்லா ஃப்ரெட்டிலும் வாசித்துப் பாருங்கள், ஓசை எங்காவது செத்துப்போகிறதா என்று. சந்தேகமாக இருந்தால் இந்தப் பதிவுக்குக் கீழேயே படம் போட்டுக் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கூப்பிட்டால் நானே கூட வருகிறேன்.