துப்பாக்கி வாங்கினாலும் பன்றியை யார் சுடுவது?

அமெரிக்காவில் ஏஆர்-15 வகை அரைத் தானியங்கி ரைஃபிள் வாங்குவது காசுக்குத் தகுமா என்ற கட்டுரையின் கீழே, "நம் தோட்டத்துக்கும் ஒன்று இருந்தால் பன்றி அடங்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பொள்ளாச்சி அருகே கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இப்புறம், தமிழகப் பக்கம், எனக்குத் தென்னையும் நிலக்கடலையும். காட்டுப்பன்றித் தொல்லை அறியாதவன் அல்ல. ஆனால் அந்த வகை ரைஃபிளுக்கு இங்கே சாதாரண விவசாயிக்கு உரிமம் கிடைக்காது. விலையைப் பேசி என்ன பயன்?

நமக்கு எட்டுவது, ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா ஏற்றிச் சுடும் .315 போல்ட் ஆக்‌ஷனோ 12 போர் (bore) அளவு இரட்டைக்குழல் துப்பாக்கியோதான். எல்லைக்கு அப்புறம், கேரளத்தின் கொல்லங்கோட்டில் என் மைத்துனர் இரட்டைக்குழல் வைத்திருக்கிறார். கொடுத்த விலை அவருக்கு மறந்துவிட்டது, அலைச்சல் மறக்கவில்லை. 5 ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்க வேண்டும், தோட்டாவுக்குக் கணக்கு வேண்டும், தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பன்றிக்குத் தேர்தல் தேதி தெரியுமா என்ன?

அவருக்காவது 2022 முதல் உள்ளாட்சித் தலைவரின் அனுமதியோடு உரிமதாரர்கள் பன்றியைச் சுட வழி இருக்கிறது. இந்தப் பக்கம் தமிழக அரசின் 2025 அறிவிப்பின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர்தான் சுடலாம். நான் துப்பாக்கி வாங்கினால் அதை மாட்ட ஆணிதான் தேட வேண்டும். பணத்தைச் சூரிய மின்வேலியில் போட்டேன். கடலை பறிக்கும்வரை இரண்டு முறை பேட்டரியைப் பார்த்தேன், அவ்வளவுதான்.