அனு கேட்டதில் என்ன பிழை?

ஞாயிற்றுக்கிழமை மாலை என்ன நடந்தது என்பது உங்களில் பெரும்பாலோருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அந்தச் சின்னக் காணொளி எனக்கே பல குழுக்களிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே எந்த அரங்கு, யார் ஏற்பாடு செய்தார்கள் என்பதையெல்லாம் மறுபடி சொல்லப்போவதில்லை. ‘ஓ மை கடவுளே’ படத்தில் அனு தன் நண்பன் அர்ஜுனிடம் தானே போய்க் கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்பாள். அந்தப் படத்தின் திரையிடல் முடிந்து நடந்த கலந்துரையாடலில் ஒருவர் எழுந்து, “அந்தப் பொண்ணு வாயைத் திறந்து கேட்டதாலதான் எல்லாமே கெட்டுச்சு. மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஃப்ரெண்டு மாதிரி நடிச்சிருக்கா” என்று சொன்னார். அரங்கில் பாதிப்பேர் கைதட்டினார்கள். நான் பதில் சொல்லக் கை உயர்த்தியபோது நேரமாகிவிட்டது என்று ஒலிவாங்கியை எடுத்துப் போய்விட்டார்கள். காணொளியில் கைதட்டல் இருக்கிறது, நான் கை உயர்த்தியது இல்லை. அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

அனு கேட்டது பிழையே இல்லை. அர்ஜுன் யோசிக்காமல் சரி என்று சொன்னதுதான் பிழை. அந்தப் படம் முழுக்க இதைத்தான் சொல்கிறது. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு இதற்கு நேர்மாறான தீர்ப்போடு ஒருவர் எழுந்து நிற்கிறார் என்றால், அவர் அந்தத் தீர்ப்பை வீட்டிலிருந்தே எழுதிக் கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2020ஆம் ஆண்டு காதலர் தினத்தன்று வெளிவந்த படம் அது. அஸ்வத் மாரிமுத்துவுக்கு இயக்குநராக முதல் படம். அடுத்த மாதமே நோய்த்தொற்றால் திரையரங்குகளை மூடிவிட்டார்கள் என்பதால், நம்மில் பலர் அதை வீட்டில் அடைந்துகிடந்த நாட்களில் கைப்பேசியில்தான் பார்த்தோம். சிறு வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்த அனு, அர்ஜுன், மணி என்ற மூன்று நண்பர்கள். அனுவுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறார்கள். யாரென்றே தெரியாத ஒருவனைக் கட்டிக்கொள்வதைவிட, தன்னை முழுக்கத் தெரிந்தவனையே கட்டிக்கொண்டால் என்ன என்று அவள் அர்ஜுனிடம் நேருக்கு நேர் கேட்கிறாள். அழவில்லை, மிரட்டவில்லை, சத்தியம் வாங்கவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். கேட்கப்பட்டவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்த நொடியில் முழுதாக இருந்தது. அவன் சரி என்றான்.

பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தச் ‘சரி’தான் காரணம். முதலிரவில் அவளை முத்தமிடப் போய், முடியாமல் சிரித்துவிடுகிறான். அனுவாக வரும் ரித்திகா சிங் அந்த இடத்தில் தாமும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அதை மறுபடி ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். உடன் சிரிக்கும் ஒரு பெண்ணின் முகத்தில் எதெல்லாம் கடந்து போகிறது என்று தெரியும். மாமனாரின் கழிப்பறைப் பீங்கான் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவனுக்கு அவமானமாக இருக்கிறது. நடிகனாக வேண்டும் என்ற ஆசையை அவளிடம் மனம்விட்டுப் பேசாமல் உள்ளேயே வைத்துக் கசந்துபோகிறான். பள்ளிக் காலத்தில் மனதைத் தொட்ட மீரா திரும்ப வருகிறாள். அனு சந்தேகப்படுகிறாள், கத்துகிறாள், கடைசியில் குடும்ப நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். இதில் அனு செய்த குற்றம் எது என்று காட்டுங்கள். சந்தேகப்பட்டாள் என்பீர்கள். தன்னைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது என்று சொல்லும் கணவனோடு ஓராண்டு வாழ்ந்துவிட்டு, அவன் வேறொருத்தியோடு முகம் மலர்ந்து பேசுவதைப் பார்க்கும் பெண் வேறு எப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

அவன் தோழியைத் திருமணம் செய்துகொண்டது தவறாகப் போகவில்லை. தோழி மனைவியாக வந்த பிறகு அவளைப் புதிதாக ஒரு முறை ஏறிட்டுப் பார்க்காததுதான் தவறாகப் போனது. தெரிந்தவள்தானே, இதற்குமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டான். அதைக் கண்டுகொள்ள அவனுக்குக் கடவுளே நேரில் வந்து, பழைய நாளுக்குத் திரும்பிப் போக ஒரு தங்கச் சீட்டும் இரண்டாவது வாழ்க்கையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாவது வாழ்க்கையில், அனுவின் அப்பாவாக வரும் எம்.எஸ். பாஸ்கர், தாம் ஏன் அந்தக் கழிப்பறைப் பீங்கான் தொழிலுக்கு வந்தோம் என்று சொல்லும் காட்சியில் அர்ஜுன் உடைந்துபோவான். அதே மனிதரோடு முதல் வாழ்க்கையில் மருமகனாக இருந்தபோது அவன் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். கேட்காமல் இருந்தவன் அவன். கேட்டவள் அனு. பழி மட்டும் கேட்டவள் தலையில்.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நானும் என் நண்பனைத்தான் மணந்தேன். நானும்தான் கேட்டேன்.

திருச்சியில் கல்லூரி நாட்களில் தொடங்கிய பழக்கம். பிறகு இருவரும் சென்னையில் வேலைக்கு வந்தோம். சைதாப்பேட்டையில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் ஒரு சின்ன ஓட்டலில் வைத்துத்தான் கேட்டேன். “நாம கல்யாணம் பண்ணிக்கலாமாடா?” என்றேன். அவர் சரி என்று சொல்லவில்லை. “எனக்கு யோசிக்கணும். நீ கோவிச்சுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, விடுப்புப் போட்டு நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். வாரக்கணக்கில் பேச்சே இல்லை. அந்த நாட்களில் நான் பட்டபாட்டை எழுத இப்போதும் எனக்குத் தெம்பில்லை. திரும்பி வந்து அதே ஓட்டலில் உட்கார்ந்தபோது, பில்லின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதினார். அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் நிற்காது, உனக்குச் சம்மதமா? பிள்ளை பிறந்தால் கோயிலா, சர்ச்சா? உன் அப்பா என்னை வீட்டுக்குள் விடவில்லை என்றால் நீ தனியாகப் போய் வருவாயா, போகாமலே இருந்துவிடுவாயா? நாம் சண்டை போட்டால் நீ யாரிடம் போய்ச் சொல்வாய், இதுவரை என்னிடம்தானே சொல்லிக்கொண்டிருந்தாய்? கடைசிக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தப் பில் இன்னும் என் சான்றிதழ்க் கோப்பில் இருக்கிறது. வெப்பத் தாளில் அச்சடித்த விலையெல்லாம் மங்கிப்போய்விட்டது. பின்பக்கத்தில் அவருடைய பேனா எழுத்து அப்படியே இருக்கிறது.

அர்ஜுன் செய்யாமல் விட்டது இதைத்தான். கேட்பது ஒரு வேலை என்றால், பதில் சொல்வதும் ஒரு வேலை. அனு தன் வேலையைச் செய்தாள்.

“இது ஒரு காமெடி படம், இதற்குப் போய் இவ்வளவு யோசிக்க வேண்டுமா?” என்பவர்களுக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அந்த அரங்கில் கைதட்டியவர்கள் நகைச்சுவைக்குக் கைதட்டவில்லை.

“நட்பு புனிதமானது, அதைத் திருமணத்தில் கொண்டுபோய் முடிப்பது நட்பையே கொச்சைப்படுத்துவது” என்று ஒரு வாதம் இருக்கிறது. இதை மிகுந்த மரியாதையோடு சொல்பவர்களும் உண்டு. அவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். திருமணம் அவ்வளவு இழிவானதா? வாழ்நாளில் யாரை அதிகம் மதித்தோமோ, யாரிடம் பொய் சொல்லாமல் இருந்தோமோ, அவர்களை மணந்தால் அது நட்புக்கு இழுக்கு, முன்பின் அறியாத ஒருவரை ஒரு மாலை நேரத்தில் பஜ்ஜி சொஜ்ஜியோடு பார்த்து மணந்தால் அது முறை என்றால், நீங்கள் நட்பை உயர்த்தவில்லை, திருமணத்தைத் தாழ்த்துகிறீர்கள். பெரியவர்கள் பார்த்து வைத்த திருமணங்களை நான் குறை சொல்லவில்லை. என் அக்காவின் திருமணம் அப்படி நடந்ததுதான், அவள் நன்றாக இருக்கிறாள். ஆனால் அவளிடம் யாரும் “நீ நடித்தாயா?” என்று கேட்டதில்லை. என்னிடம் கேட்டார்கள்.

தோழி காதலியாவது தமிழ்ப் படத்துக்குப் புதிதும் அல்ல. ‘பிரியாத வரம் வேண்டும்’ வந்தே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 2022இல் வந்த ‘திருச்சிற்றம்பலம்’ படத்தை நாம் எல்லோரும் கொண்டாடினோம், நானும் கொண்டாடினேன். நித்யா மேனனுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அதில் அவர் நடித்த ஷோபனா என்ன செய்கிறாள்? நண்பன் முதலில் ஒருத்தியையும் பிறகு இன்னொருத்தியையும் விரும்புவதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு, தன் ஆசையை வெளியில் காட்டாமல் அவனுக்கே துணை நிற்கிறாள். அவளைத் ‘தங்கமான பெண்’ என்று எழுதினோம், இப்படி ஒரு தோழி கிடைக்க வேண்டும் என்று பகிர்ந்தோம். மனதில் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்தவள் தங்கம். மனதில் வந்ததும் நேரே கேட்டுவிட்ட அனு நடிப்புக்காரி. இரண்டு படத்தையும் பார்த்த அதே ஆட்கள்தாம் இரண்டு தீர்ப்பையும் எழுதுகிறார்கள். ஷோபனாவும் அனுவும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள், ஒருத்தி வாய் திறந்தாள் என்பது மட்டுமே வேறுபாடு. பெண் வாய் திறந்ததுதான் உங்களுக்குப் பிரச்சினை என்றால், அதை அப்படியே சொல்லிவிடுங்கள், நட்பின் புனிதத்தை நடுவில் இழுக்காதீர்கள்.

“உனக்கு நன்றாக அமைந்துவிட்டது, அதனால் பேசுகிறாய், அமையாதவர்கள் எத்தனை பேர்?” என்று கேட்பார்கள். இது கனமான கேள்விதான். நட்பிலிருந்து தொடங்கிய திருமணம் முறிந்தால் கணவனோடு நண்பனும் போய்விடுவான், இரட்டை இழப்பு. அப்படி இழந்த ஒரு தோழி எனக்கு இருக்கிறாள். அவளிடம் கடந்த ஆண்டு நானே கேட்டேன். “கேட்டதுக்காக ஒரு நாளும் வருத்தப்படல. அவன் சும்மா சரின்னு சொன்னதுக்காகத்தான் அழறேன்” என்றாள். இதற்குமேல் என் வாதத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆண்களுக்கும் நெருக்கடி இருக்கிறது, தோழி கேட்கும்போது மறுக்கத் தயக்கமாக இருக்கும் என்று ஒரு நண்பர் நேற்று எழுதியிருந்தார். இருக்கட்டும். அந்தத் தயக்கத்தின் விலையை அவள் ஏன் கொடுக்க வேண்டும்?

படத்தின் மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கடவுளாக வரும் விஜய் சேதுபதி அந்தச் சீட்டை அர்ஜுனுக்கு மட்டும்தான் கொடுக்கிறார். அதே ஓராண்டை அவனைவிடத் துயரமாக வாழ்ந்தவளிடம், உனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் என்ன செய்வாய் என்று யாரும் கேட்பதில்லை. அவள் அவனையே மறுபடி கேட்டிருப்பாளா? இதே படத்தைக் கன்னடத்தில் எடுத்தபோது புனித் ராஜ்குமாரும் தெலுங்கில் எடுத்தபோது வெங்கடேஷும் கடவுளாக வந்தார்கள். மொழி மாறி, கடவுளின் முகம் மாறியும் சீட்டு மட்டும் அவன் கையை விட்டுப் போகவில்லை. இதைப் பற்றி ஒருவராவது பேசுவார் என்று நம்பித்தான் நான் ஞாயிற்றுக்கிழமை அந்த அரங்குக்குப் போனேன்.

அந்த ‘நடிச்சிருக்கா’ என்ற சொல்லுக்கு வருகிறேன், என்னைத் தூங்க விடாதது அதுதான். நாங்கள் வெவ்வேறு மதத்தவர் என்பதால் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்தோம். முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதைப் பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி வைப்பார்கள், ஆட்சேபம் சொல்ல யாருக்கும் 30 நாள் அவகாசம். எங்கள் இருவரின் பெயரும் வீட்டு முகவரியும் அந்தப் பலகையில், ஒரு நில அறிவிப்புக்குப் பக்கத்தில், இரண்டு முனை மட்டும் பசை ஒட்டிய தாளில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன. யாரோ பார்த்துச் சொல்லி, என் சித்தப்பா நேரே வந்தார். மதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. “ஃப்ரெண்டு ஃப்ரெண்டுன்னு இத்தனை வருஷம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தியே, எங்களை எல்லாம் ஏமாத்தினியாம்மா?” என்றார். பெற்ற தகப்பனைப் போல என்னைத் தூக்கி வளர்த்தவர். நான் ஏமாற்றவில்லை. அந்த ஆண்டுகளில் என் கணவர் எனக்கு நண்பர் மட்டும்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது நான் கஞ்சி கொண்டுபோனது நண்பருக்குத்தான். என் தேர்வுக் கட்டணத்தை அவர் கட்டியது தோழிக்குத்தான். பிறகு ஒரு நாள் என் மனம் மாறியது, மாறியதும் கேட்டேன். பின்னால் வந்த காதல் முன்னால் இருந்த நட்பைப் பொய்யாக்கிவிடும் என்பது எந்த ஊர் நியாயம்? என் கஞ்சிக்கும் அவருடைய பணத்துக்கும் பின்னால் ஒரு கணக்கு இருந்தது என்று முன்பின் தெரியாத ஒருவர் அரங்கில் நின்று சொல்கிறார், அதற்குக் கைதட்டுகிறார்கள்.

அவர் அனுவைத்தானே சொன்னார், உன்னையா சொன்னார் என்று கேட்காதீர்கள். அந்த அரங்கில் என்னைப்போல் கேட்டு மணந்த பெண்களும், கேட்கலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் பெண்களும் இருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் கைதட்டல் எழுந்ததும் பக்கத்திலிருந்த இளைஞனின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அவர்கள் யார் என்ன என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அடுத்த மாதத் திரையிடலுக்கும் வருவேன். கலந்துரையாடலின் தொடக்கத்திலேயே எனக்குப் பேச நேரம் வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களுக்கு எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன். கைதட்டியவர்கள் தாராளமாக வரட்டும். இந்தப் பதிவோடு உடன்படாதவர்கள் என்னோடு பேசுங்கள், முடிந்தவரை எல்லோருக்கும் பதில் சொல்வேன். என் கணவரைத் தேடிப்போய் “முதலில் கேட்டது நிஜமாகவே அவங்கதானா?” என்று விசாரிப்பதை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்டவள் நான்தான். கேள்வியை என்னிடமே கொண்டுவாருங்கள்.