வெள்ளத்துக்கும் தொற்றுக்கும் ஊரில் ஒரே அறிவித்தல் வேண்டும்

2020ஆம் ஆண்டு மாரியில் திருகோணமலை மாவட்டத்துக் கிராமங்களுக்கு இரண்டு கட்டளைகள் ஒரே வேளையில் வந்து சேர்ந்தன. தண்ணீர் ஏறினால் வீட்டை விட்டு வெளியேறிப் பாடசாலைக்கோ பொது மண்டபத்துக்கோ செல்லுங்கள் என்றது ஒன்று. கொவிட் தொற்றுப் பரவுகிறது, வீட்டிலேயே இருங்கள், கூட்டம் கூடாதீர்கள் என்றது மற்றொன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரியானவை. இரண்டையும் ஒருங்கே கேட்ட ஒரு குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்குத்தான் ஊர் மட்டத்தில் எவரும் இருக்கவில்லை. மழையும் ஓயவில்லை, தொற்றும் ஓயவில்லை என்பதால் இதை அந்த டிசெம்பரிலேயே எழுதினேன்.

டிசெம்பர் 2ஆம் திகதி இரவு, பத்தரை மணிக்குப் பின்னர், புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர் வரையான காற்று வேகத்துடன் கரையைக் கடந்தது. அன்று பிற்பகலே எங்கள் பகுதியில் முச்சக்கர வண்டியொன்றில் ஒலிபெருக்கி கட்டி, பள்ளக் காணிகளில் இருப்பவர்கள் பாடசாலைக்குச் செல்லுமாறு அறிவித்தார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் படலையில் சுகாதாரப் பிரிவினர் ஒட்டிய தனிமைப்படுத்தல் அறிவித்தல் இருந்தது. கொழும்பில் வேலை செய்யும் மகன் திரும்பி வந்ததால் அந்த வீட்டார் அனைவரும் பதினான்கு நாட்கள் உள்ளே இருக்க வேண்டும். மூட்டை முடிச்சுகளோடு அயலவர்கள் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அம்மா வேலிக்குள் நின்றபடியே, “தம்பி, தண்ணி ஏறினால் நாங்களும் பள்ளிக்கூடத்துக்கு வரலாமோ? ஆரிட்டையாவது கேட்டுச் சொல்லுங்கோ” என்று கேட்டார். வயதான தாயும் ஒரு கைக்குழந்தையும் அந்த வீட்டில் இருந்தார்கள்.

கேட்டுச் சொல்ல முயன்றோம். கிராமத்து அலுவலர் இடைத்தங்கல் ஏற்பாட்டில் இருந்தார். சுகாதாரப் பிரிவைக் கேளுங்கள் என்றார். சுகாதாரப் பிரிவின் தொலைபேசி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்ததால் எங்கள் அழைப்புக்கு இடம் கிடைக்கவில்லை. உள்ளூராட்சி அலுவலகத்தில் அந்நேரம் பதில் சொல்ல ஆளில்லை. அன்றிரவு தண்ணீர் முற்றத்தோடு நின்றுவிட்டது; காற்றும் எதிர்பார்த்த அளவுக்குச் சேதம் செய்யாமல் கடந்து போனது. தண்ணீர் அங்கே நின்றிராவிட்டால் அந்தக் குடும்பம் அறிவித்தலை மீறிப் பாடசாலைக்கு வந்திருக்க வேண்டும், அல்லது அறிவித்தலுக்குப் பயந்து தண்ணீருக்குள் இருந்திருக்க வேண்டும். பாடசாலையில் ஒரு வகுப்பறையை அவர்களுக்கென ஒதுக்கி, தனி வாசலும் தனிக் கழிப்பறையும் காட்டி, அதை முதல் நாளே படலையில் ஒட்டிய தாளின் அடியில் இரண்டு வரியாக எழுதியிருந்தால் அந்த அந்தரிப்பே வந்திராது.

எங்கள் ஊர் முதியவர்கள் 1964ஆம் ஆண்டு மார்கழியில் திருகோணமலையைத் தாக்கிய சூறாவளியைப் பற்றியும், 1978ஆம் ஆண்டு கார்த்திகையில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியைப் பற்றியும் இன்றும் பேசுவார்கள். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது எவரும் எதையும் அறிவிக்கவில்லை. அதற்குப் பின்னர்தான் 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அதற்கான நிலையம் வந்தது, 117 என்ற அவசர இலக்கம் வந்தது. இம்முறை வளிமண்டலவியல் திணைக்களம் புயலின் பாதையைப் பல மணி நேரத்துக்கு முன்னரே சொல்லிவிட்டது என்பதையும் மனதாரச் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து மாவட்டச் செயலகம் வரை செய்தி ஒழுங்காகவே வருகிறது. ஊருக்குள் நுழையும் இடத்தில்தான் அது துண்டு துண்டாகிறது.

அதற்குக் காரணம் அலுவலர்களின் அசட்டை என்று நான் கருதவில்லை. சாதாரண ஒரு குடியிருப்பாளரின் கண்ணுக்கு எல்லாம் “கந்தோர்” தான். ஆனால் ஒவ்வொரு கந்தோரும் வெவ்வேறு வழியில் மேலே போகிறது. கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் மத்திய அரசின் நிர்வாகத்தைச் சேர்ந்தவை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பொதுச் சுகாதார பரிசோதகரும் சுகாதாரத் துறையின் கட்டளைப்படி இயங்குபவர்கள். குளங்களின் வான்கதவைத் திறப்பதை நீர்ப்பாசனத் திணைக்களம் தீர்மானிக்கிறது. குப்பை, வாய்க்கால், சந்தை, உள்வீதி, தெருவிளக்கு ஆகியன பிரதேச சபையின் பொறுப்பு. ஒவ்வொருவரும் தத்தம் செய்தியைத் தத்தம் வழியில் அனுப்புகிறார்கள். ஆனால் கந்தளாயில் பெய்த மழையும் கொழும்பில் பரவிய தொற்றும் வந்து சேர்வது ஒரே வீட்டு வாசலுக்குத்தான்.

ஆகவே அந்தச் செய்திகளை எல்லாம் ஒன்றுசேர்த்து, ஊருக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்தி, தினமும் ஒரே நேரத்தில் ஒரே அறிவித்தலாகக் கொடுக்கும் பொறுப்பைப் பிரதேச சபைகள் ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொது வசதிச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றைச் சபையிடமே ஒப்படைத்திருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் முடிந்த பின்னர், மாவட்டத்துக்குள் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த ஆட்சி அமைப்பு என்று எஞ்சியிருந்தவை நகர சபைகளும் பிரதேச சபைகளும்தான். 2018ஆம் ஆண்டு பெப்ரவரித் தேர்தலில் வட்டார முறை வந்ததால் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஓர் உறுப்பினர் இருக்கிறார். எந்த ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், எந்த மதகில் குப்பை அடைக்கும், எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் நோயாளி இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்திராவிட்டால் கேட்டறிய வேண்டியது அவருடைய கடமை.

இப்போதுள்ள அறிவித்தல்கள் எப்படி இருக்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சங்கக்கடைச் சுவரில் ஒட்டப்பட்ட ஒரு தாளைப் பொலித்தீன் உறைக்குள் இட்டிருந்தார்கள், நல்ல எண்ணத்தோடுதான். உறையின் மேல்வாய் திறந்திருந்ததால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, கையால் எழுதிய தொலைபேசி இலக்கம் நீல நிறக் கறையாகக் கரைந்து போயிருந்தது. மற்ற வரிகளை வாசிக்க முடிந்தது. ஆனால் சந்தை மூடப்படுவது “நாளை முதல்” என்று இருந்ததே தவிர, எந்த நாளில் எழுதியது என்பது எங்கும் இல்லை. ஒலிபெருக்கி வண்டியின் நிலையும் அதுதான். வாடைக்காற்று வீசும்போது, ஓடிக்கொண்டே அறிவிக்கும் வண்டியிலிருந்து “பொதுமக்களுக்கு அறியத் தருகிறோம்” என்பது மட்டுமே காதில் விழுகிறது. அறியத் தரும் விடயம் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடுகிறது. சந்திக்குச் சந்தி நிறுத்தி, இரண்டு முறை சொல்லிவிட்டு நகர்ந்தால் அதே வண்டி, அதே எரிபொருளோடு, எல்லாருக்கும் பயன்படும். கோவிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஒலிபெருக்கி இருக்கிறது. கேட்டால் மறுக்கமாட்டார்கள், பல ஊர்களில் அவர்கள் கேளாமலே உதவியிருக்கிறார்கள்.

வட்ஸ்அப்பும் வைபரும் மிகப் பெரிய உதவி, மிகப் பெரிய தொல்லையும்கூட. மார்ச் மாதத்து ஊரடங்கு அறிவித்தலின் படமொன்று நவம்பரில் மீண்டும் சுற்றி வந்தது. அதில் நேரம் இருந்தது, திகதி இல்லை. அதை நம்பி எங்கள் சந்தியில் கடைகளுக்கு முன்னால் சனம் முண்டியடித்தது. எதைத் தவிர்க்க வேண்டும் என்று மாதக் கணக்காகச் சொல்லி வந்தோமோ அதுவே நடந்தது. பொய்யை எழுதியவர் எவரும் அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மையான அறிவித்தல்தான், திகதி இல்லாத காரணத்தால் பொய்யாகிவிட்டது.

எனவே அறிவித்தல் ஒவ்வொன்றிலும் வெளியிட்ட நாளும் நேரமும், எதுவரை செல்லுபடியாகும் என்பதும், அடுத்த அறிவித்தல் எப்போது வரும் என்பதும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாத நாளிலும், “இன்று மாற்றம் இல்லை” என்று அறிவிக்க வேண்டும். இதைச் சிலர் வீண் வேலை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சபை மௌனமாக இருக்கும் நாளில்தான் வதந்தி பிறக்கிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு வரும் என்று தெரிந்துவிட்டால், ஆறு மணிக்கு முன்னர் வரும் எதையும் சனம் சந்தேகத்தோடு பார்க்கப் பழகிவிடும். இடத்தின் பெயரைச் சொல்லும்போது கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தை மட்டும் போடாமல், ஊரார் வழங்கும் பெயரையும் போட வேண்டும். ஆலடிச் சந்தி முதல் பழைய நெற்களஞ்சியம் வரை என்று சொன்னால் சிறுபிள்ளைக்கும் விளங்கும். எங்கள் மாவட்டத்தில் தமிழும் சிங்களமும் பேசும் மக்கள் கலந்து வாழ்வதால் இரண்டு மொழிப் பிரதிகளும் ஒரே வேளையில் வெளிவர வேண்டும். ஒரு மொழியில் இன்று, மற்றதில் மறுநாள் என்பது ஆபத்து நேரத்தில் ஏற்கத்தக்கதல்ல.

இன்னொன்று என் மனதை உறுத்துகிறது. ஒக்டோபர் 15ஆம் திகதி வெளியான வர்த்தமானிக்குப் பின்னர், முகக்கவசம் அணியாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை என்பதை எல்லாச் சுவர்களிலும் பார்த்தோம். அது தெரிய வேண்டியதுதான். ஆனால் தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்கு உலர் உணவுப் பொதியை யார், எந்த நாளில் கொண்டு வருவார்; அரசின் 5,000 ரூபாய் நிவாரணக் கொடுப்பனவுக்குப் பெயர் விடுபட்டால் யாரிடம் முறையிடுவது; நீரிழிவு மருந்தும் அழுத்த மருந்தும் மாதாந்தம் வாங்குபவருக்கு வைத்தியசாலை கிளினிக் நடக்குமா, அல்லது மருந்து வீட்டுக்கு வருமா என்பவற்றை எந்தச் சுவரிலும் நான் காணவில்லை. தண்டனையை மட்டும் சொல்லும் அறிவித்தலைக் கண்டு மக்கள் ஒளிக்கத் தொடங்குகிறார்கள். காய்ச்சலையும் ஒளிக்கிறார்கள்.

காய்ச்சல் என்றதும் டெங்குவைச் சொல்லாமல் போக முடியாது. மாரி மழைக்குப் பின்னரான மாதங்களில் டெங்கு பெருகுவதை இந்த மாவட்டம் அனுபவித்து அறிந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மார்ச்சில் கிண்ணியாவில் அது எத்தனை வீடுகளைத் துயரத்தில் ஆழ்த்தியது என்பதை எவரும் மறந்திருக்க முடியாது. கொவிட்டும் டெங்குவும் காய்ச்சலோடும் உடல் உளைவோடும்தான் தொடங்குகின்றன. பி.சி.ஆர். பரிசோதனைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் பயந்து ஒருவர் வீட்டிலேயே கிடந்தால், அவருக்கு வந்திருப்பது டெங்குவாக இருந்தால், காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது என்பதை அறியாமலே காலம் கடந்துவிடும். காய்ச்சல் எதுவானாலும் பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி எடுக்க வேண்டாம், தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள், எங்கே எந்த நேரத்தில் காட்டலாம் என்பது இதுதான் என்று சபை தன் அறிவித்தலில் தினமும் சேர்த்துச் சொல்லலாம். வெள்ளம் வடிந்த பின்னர் கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை கொதிக்க வைத்த தண்ணீரையே குடியுங்கள் என்பதும், தண்ணீர்ப் பவுசர் எந்தச் சந்திக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதும் இதே அறிவித்தலுக்குள் அடங்க வேண்டியவை. கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொடை மீன் சந்தையில் தொற்று வந்த பின்னர் எங்கள் கரையோரத்தில் மீன் விலை சரிந்து, வாங்க ஆளில்லாமல் கிடந்தபோது, மீனைச் சமைத்து உண்பதால் தொற்றாது என்று சபை அப்போதே சொல்லியிருந்தால் சில குடும்பங்களின் அடுப்பாவது எரிந்திருக்கும்.

செய்யக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொற்று வந்தவரின் பெயரும் படமும் சில குழுக்களில் பரவியதைக் கண்டேன். அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளை அயலவர்கள் நடத்திய விதம் வேதனையானது. சபையின் அறிவித்தலில் எந்த நோயாளியின் அடையாளமும் இருக்கக்கூடாது. எந்தப் பாதை மூடப்பட்டது, எதுவரை என்பது போதும்.

பணம் இல்லை, ஆளணி இல்லை என்ற பதில் வரும் என்பதை அறிவேன். மழையில் நனைந்துகொண்டு வீடு வீடாகப் போகும் பொதுச் சுகாதார பரிசோதகர்களையும் குடும்பநல உத்தியோகத்தர்களையும் கிராம உத்தியோகத்தர்களையும் பார்த்தவன் என்ற வகையில் அவர்கள்மீது இன்னொரு சுமையை ஏற்றச் சொல்லவில்லை. சொல்லப்போனால் இந்த ஒழுங்கு அவர்களுடைய சுமையைக் குறைக்கும்; ஒரே கேள்வியோடு நூறு பேர் அவர்களுக்குத் தொலைபேசி எடுக்கத் தேவையில்லாமல் போகும். சபைக்கு வேண்டியது, மாலையில் நான்கு அலுவலகங்களுக்குத் தொலைபேசி எடுத்துக் குறிப்பெடுக்கும் ஒருவரும், அதைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் ஒருவரும், வட்டாரத்துக்கு ஒரு நல்ல அறிவித்தல் பலகையும்தான். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு சபையும் தகவல் அலுவலர் ஒருவரை ஏற்கெனவே நியமித்திருக்க வேண்டும். அந்தப் பணியை இதனோடு இணைக்கலாம்.

இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி எங்கள் சபையின் தவிசாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் கொடுக்கவிருக்கிறோம். ஜனவரிக் கூட்டத்தில் எடுக்குமாறு அதில் கேட்டிருக்கிறோம். தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கான தனி இடத்தை மட்டும் கூட்டம் வரை காத்திராமல் சுகாதாரப் பிரிவோடு பேசி இந்த வாரமே முடிவு செய்யுமாறும் கேட்டிருக்கிறோம். மூதூர், வெருகல், தம்பலகாமம், குச்சவெளி, கிண்ணியாப் பக்கத்து நண்பர்கள் தத்தம் சபைகளுக்கு இதே கோரிக்கையை அனுப்ப விரும்பினால் கடிதத்தின் பிரதியைத் தருகிறேன். ஊரின் பெயரையும் பள்ளக் காணிகளின் பெயர்களையும் மாற்றினால் போதும்.