பூநாரையின் பாதம் எங்கேய்யா?

அட்டையைப் பார்த்து மயங்கித்தான் அந்தக் கெட்டி அட்டை நோட்டை வாங்கினேன். அமெரிக்கப் பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன் வரைந்த பூநாரை! 1827 முதல் 1838 வரை வெளிவந்த அவருடைய ‘பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற பறவைப் பட நூலின் 435 படங்களில் ஒன்று. பறவைகளை நிஜ அளவிலேயே அச்சிட வேண்டும் என்று மனுஷன் ஒற்றைக்காலில் நின்றார். அதற்காகவே மூன்றடிக்கு மேல் உயரமான தாள். அதிலும் பூநாரை அடங்காது என்பதால் கழுத்தை வளைத்து, தலையைத் தாழ்த்தி, முழுப் பறவையையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார். (துப்பாக்கியால் சுட்ட பறவையைக் கம்பியால் கட்டி நிறுத்தி வரைந்தவர் என்பது வேறு கதை.)

நோட்டுக்காரர்களோ ஒரு சாண் அட்டைக்காகக் கணுக்காலோடு நறுக்கிவிட்டார்கள். போதாததற்கு அலகின் மேல் விலை ஸ்டிக்கர். பின்னட்டை முழுக்கக் காலியாகக் கிடக்க, அலகுதான் கிடைத்ததா? நகத்தால் சுரண்டினால் மேல்தாள் மட்டும் உரிகிறது. பிசின் அங்கேயே தங்கி, தூசி சேர்ந்து ஒரே கறுப்பு. பூநாரைக்கு அலகு நுனி கறுப்பாக இருப்பது இயற்கை. கன்னம் வரை கறுப்பு, ஸ்டிக்கர் உபயம்.

சரி, எழுதலாம் என்று திறந்தால் படியவே மாட்டேன் என்கிறது. இடது கையை எடுத்தால் டப்பென்று மூடிக்கொள்கிறது. மைப்பேனா வைத்தால் பின்பக்கம் ஊறுகிறது. படத்துக்குக் காப்புரிமை எல்லாம் முடிந்து எத்தனையோ காலம் ஆகிறது. அதில் மிச்சமான காசையாவது தாளில் போட்டிருக்கலாமே!